மூன்றாவது துண்டு

“ஹலோ... ஹலோ, வின்சன்ட் அங்கிளா?... நான் ஸஹ்னா. இப்றாஹிம்ட மகள், புத்தளத்திலிரிந்து... ஓம், ஓம், கம்பியூட்டர் படிச்ச மகள்தான்... ஒண்டும் கேக்கல்ல அங்கிள், காத்து இரையுது. கரையிலயா நிக்கிறீங்க? மீன் வாடிப் பக்கம் ஒதுங்குங்களன்... ஆ, இப்பக் கேக்குது.”

வாப்பா மவுத்தாகி, அடக்கம் பண்ணி மூன்று மாதம். அவருடைய மேசையில், பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு கடதாசித் துண்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு ஸஹ்னா உட்கார்ந்திருந்தாள். ஒன்று றவூப் மாமா தந்தது, மற்றது பக்கத்து வீட்டு ஆசியா உம்மா தந்தது. மூன்றாவதற்குத்தான் இந்த அழைப்பு.

“ஓம், நீங்க ஜனாஸாவுக்கு வந்த நீங்கதானே. அண்டைக்கு உங்களோட ஒரு வார்த்த கதைக்க ஏலாமப் போச்சு... ஐயோ, அழாதீங்க அங்கிள். நீங்க அழுதா நானும் அழுதிருவன். பொறகு கேக்க வந்தத ஆரு கேக்கிற?... அந்தத் துண்டு அங்கிள். ஆறு வருசத்துக்கு முந்தி உங்கட கையில ஒரு துண்டு தந்தனே... ஓம், இங்கிலிஷ் எழுத்தும் நம்பரும். அதேதான்!”

யுத்தம் முடிந்த மூன்றாம் வருடம் அது. தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்திறங்கிய நாற்பத்திரண்டு பேரின் கதையை அவரவர் குரலிலேயே அவள் பதிந்தாள். சும்மா சொல்வார்களா சனங்கள்? யார் காதுக்குப் போகுமோ என்ற பயம். ஸஹ்னாவின் ஆராய்ச்சியே அதுதான்: எதையும் ஒரே இடத்தில், ஒரே கையில் விடக்கூடாது. பதிவுகளைப் பூட்டி மூன்று நாட்டுக் கம்பியூட்டர்களில் வைத்தாள். சாவியை ஐந்து துண்டாக்கி ஐந்து பேருக்குக் கொடுத்தாள். மூன்று துண்டு சேர்ந்தால்தான் திறக்கும். முழுச் சாவியைத் தன்னிடமிருந்தே அழித்துவிட்டு, “இனி நானும் துறக்க ஏலாது” என்று சத்தியம் பண்ணினாள். அதற்குப் பிறகுதான் உம்மாவே பேச உட்கார்ந்தா. அடுத்த வருடம் உம்மாவும் போய்விட்டா. அவவுடைய குரல் அந்தப் பதிவைத் தவிர வேறெங்கும் இல்லை.

“உம்மாட குரலக் கேக்கணும் போல இரிக்கு அங்கிள். வாப்பாவும் போனாப் பொறகு இந்த வீட்டில இரிக்க ஏலாது... இல்ல, அண்டைக்கும் நான் கேக்கல்ல. ‘பட்டன அமத்திட்டு நீ வெளிய போ’ எண்டுட்டா... ரெண்டு துண்டு என்ட கையில இரிக்கு... இல்ல இல்ல, ரெண்டிரிந்தா கொஞ்சமும் துறக்காது. ரெண்டும் ஒண்டுதான், ஒண்டுமில்லாததும் ஒண்டுதான். அப்பிடித்தான் செஞ்சு வெச்சிரிக்கன். என்ட கெட்டித்தனம்!... துண்டு வெச்சிரிந்த ஹயாத்து முகம்மது நானாவும் மவுத்து. பிள்ளைகள் தேடிப் பாத்திட்டு இல்ல எண்டுட்டாங்க. வாப்பாட துண்டையும் காணல்ல. உங்கடதான் மிச்சம். எங்க வெச்சிரிக்கிறீங்க?... ஆர்ட்ட?... வாப்பாட்டயா?”

அவள் கதிரையை விட்டு எழுந்தாள்.

“எப்ப?... போன நோம்புக்கு, கஞ்சி குடிக்க வந்த அண்டைக்கு... ஓம்... கடலுக்குப் போற ஆளு, எந்த நேரம் என்ன நடக்குமோ எண்டு... ஓம், ஓம். நம்பிக் குடுக்கிற அமானிதம் எண்டா இப்றாஹிம்ட கையிலதான். ஊரே சொல்றதுதானே... ஹயாத்து நானாவும் குடுத்தாரா? கண்ணால கண்டீங்களா?”

இயந்திரம் பழுதாகும், நெருப்புப் பிடிக்கும், கள்ளன் வருவான், ஆள் சாவான் என்று அவள் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்திருந்தாள். பிரித்துக் கொடுத்ததை ஒரு நல்ல மனுஷனின் கையிலேயே சனங்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தோன்றாமல் போயிற்றே!

“எதுக்குள்ள வெச்சார் அங்கிள்?... எந்தக் குர்ஆன்?... பச்ச உறை. முதுகு பிஞ்சு நூல் போட்டுத் தெச்சது...”

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும், ஓத முடியாதபடி பழசான அந்தக் குர்ஆனை வெள்ளைத் துணியில் சுற்றிப் பள்ளிக்காரர்களிடம் கொடுத்தது ஸஹ்னாதான். விரித்தால் வாப்பாவின் விரல் பட்ட பக்கங்களைப் பார்க்க வேண்டி வரும் என்று விரிக்காமலே முத்தமிட்டுக் கொடுத்தாள். முறைப்படி, மற்றப் பழைய குர்ஆன்களோடு சேர்த்துக் கல் கட்டி, போட்டில் கொண்டுபோய் ஆழக்கடலில் இறக்கினார்கள்.

“ஹலோ... இரிக்கன் அங்கிள். லைன் ஒண்டும் போகல்ல... பிழையா? ஆரு சொன்ன பிழையெண்டு? நீங்க செஞ்சது சரி... ஓம், அங்கதான் இரிக்கும். நில்லுங்க, எடுத்துப் பாக்கிறன்.”

அலுமாரிக்கு மேல் குர்ஆன் வைக்கும் மரத்தாங்கி வெறுமையாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள்.

“கிடச்சிட்டு அங்கிள். மூணும் இரிக்கு.”

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் வரை வந்தது. பொய்யோடு அதைச் சேர்க்க மனம் வரவில்லை.

“அழல்ல அங்கிள், தடிமல், மூக்கடைச்சிரிக்கு... என்ன கேக்கணும்? சொல்லுங்க... தையல் மெஷினா?... உம்மாடதா?... எங்களுக்கு அவ அதப்பத்தி ஒண்டும் சொன்னதில்லயே... தொண்ணூறில வரக்குள்ள உங்கட வள்ளத்தில பாரம் கூடி, தண்ணி ஏறி... நீங்களா தூக்கிக் கடல்ல போட்டீங்க?... உம்மா கரை வரைக்கும் உங்களோட கதைக்கவே இல்லயா?... அங்கிள், அத்தின உசிரு இரிந்த வள்ளம். நீங்க போடாட்டி நான் இண்டைக்கு உங்களோட கதைப்பனா?... இவ்வளவு காலமும் இத மனசில வெச்சிட்டா இரிந்தீங்க...”

மறுபக்கத்தில் கிழவர் வெகுநேரம் பேசினார். ஸஹ்னா கன்னத்தைத் துடைக்கவும் மறந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

“ஓம்... ஓம்... உங்கள மன்னிச்சாவா எண்டு அதில சொல்லியிரிப்பா... ஓம், கேக்கிறன்... இல்ல, ஏசியிரிந்தாலும் ஒளிக்க மாட்டன்... நீங்களே வந்து கேக்கவா?... ஞாயித்துக்கிழம, பூசை முடிஞ்சு... ஓம்... வாங்க அங்கிள்... இல்ல, ஒரு நிமிசம், வெச்சிராதீங்க. நான் இப்பச் சொன்னது பொய் அங்கிள்... ஹலோ?... அங்கிள்?... ஹலோ?”