வருகைப் பதிவேட்டில் உண்மையை எழுதிய அம்மையாருக்கு

முத்துக்குளித்துறையின் முதுபெரும் நெறியாளரே! அஞ்சாமையை அணிகலனாய் அணிந்த அறிவே! கடல்வாழ் உயிரியல் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் பேராசிரியர் முனைவர் ஜெயஷீலா அம்மையீர், வணக்கம்!

தங்கள் புகழைப் பாட மேடையில் பலர் உண்டு. மேடைக்கு உவக்காத ஒன்றைப் பாடவே நாங்கள் வந்தோம்.

முத்துச்சிப்பிக் குஞ்சுகளுக்கு ஏற்ற தீனி எது என்று ஆராய்ந்துகொண்டிருந்த தங்கள் மாணவி பெனிஷாவுக்கு மூன்றாம் ஆண்டில் குழந்தை பிறந்தது. நண்பகலில் முத்தையாபுரத்து வீட்டுக்குப் பேருந்தேறி, பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார். பத்து முதல் ஐந்து வரை இடத்தில் இல்லாவிட்டால் ஆய்வுப் பதிவு ரத்து என்று அலுவலகம் மிரட்டியது. மூன்றாண்டு உழைப்பும் போயிற்று என்று அவர் கலங்கி நின்றார். தாங்களோ அன்றாடம் வருகைப் பதிவேட்டில், ‘பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சென்றுள்ளார், என் அனுமதி உண்டு’ என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள்!

விசாரணைக் குழு கூடியது. அந்த வரியை அடித்துவிட்டுக் ‘களப்பணி’ என்று எழுதினால் விட்டுவிடுவதாகச் சொன்னது. தப்பித்தால் போதும் என்றிருந்தது பெனிஷாவுக்கு. ஊரெல்லாம் எழுதும் பொய்தானே! தாங்கள் எழுந்தீர்கள்.

“முன்ன என் மாணவி முத்துமாரிய நான்தான் அப்படிப் பொய் எழுதச் சொன்னேன். அவ மாட்டிக்கிட்டா, படிப்பே போச்சு. அந்தப் பாவம் என்னோடது. சிப்பிக் குஞ்சுக்கு நேரத்துக்குத் தீனி போடணும்னு ஓடியாறோம்லா? மனுசக் குஞ்சுக்குப் பசிச்சா மட்டும் மறைக்கச் சொல்லுதிய! நான் அடிக்க மாட்டேன். முடிஞ்சா நீங்க அடிங்க.”

ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. பெனிஷா முனைவரானார். தங்களுக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலிதான் கடைசிவரை வரவில்லை. அதை நினைத்தால் எங்களுக்கு இன்னும் வயிறு எரிகிறது, அம்மையீர்! தாங்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வதும் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

இனியேனும் தங்கள் நண்பகல்கள் தங்களுக்கே உரியனவாகுக! நோய் அண்டாத உடலும் நெருங்கிய சுற்றமும் சூழ நெடுங்காலம் வாழ்க!

தங்களோடு உண்மையை எழுதும் அந்த வழக்கமும் ஓய்வுபெறும் என்று அலுவலகத்தில் சிலர் நிம்மதி கொண்டிருப்பதாகக் கேள்வி. அவர்களும் கேட்கட்டும். வரும் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் டிக்சன், மகளுக்குத் தடுப்பூசி போடச் செல்கிறார். பதிவேட்டில் அப்படியே எழுதுவார். அதன் கீழே நாங்கள் பதினான்கு பேரும் கையொப்பமிடுவோம்.

தங்கள் ஆய்வு மாணவர்கள்,
கடல்வாழ் உயிரியல் துறை,
தூத்துக்குடி