கடைசி யன்னல்

பொழுதுபட்டு, மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். கப்பல்துறையைத் தாண்டி, சீனக்குடாப் பக்கம் கடலுக்கு இறங்கும் ஒரு மண்பாதை. வீடில்லை, கடையில்லை... இரண்டு பக்கமும் கண்டல் பற்றை மட்டும்.

றம்ஸியா, போன் வெளிச்சத்தை அணை. கரண்ட் போனதே இந்தக் கதைக்குத்தான். பயந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். நடுவில் எழும்பினால் தனியாகத்தான் போக வேண்டும், சொல்லிவிட்டேன்.

இது என் கூட்டாளி ஸைனுலாப்தீனின் மருமகன் நஸ்ரிக்கு நடந்தது. கிண்ணியாவில் பஸ்ஸுக்குக் கண்ணாடி மாட்டுகிறவன். அந்தப் பாதையின் முடிவில் ஆள் ஏற்றுகிற படகு ஒன்றை, ஒரு பழைய மர லோஞ்சைக் கரையில் ஏற்றித் திருத்திக்கொண்டிருந்தார்கள். யன்னல்களுக்கு றப்பர் வைத்துக் கண்ணாடி போட நஸ்ரியைக் கூப்பிட்டார்கள். துணைக்குப் போனவன் முனீப், நஸ்ரியின் மனைவி றுஷ்தாவின் தம்பி. அவனுக்கு மூச்சு முட்டு வருத்தம். றுஷ்தா வாசல் வரை வந்து சொல்லித்தான் அனுப்பினாள்.

"அவன அடைச்ச இடத்துல கனநேரம் விட்டுராதீங்க."

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். றப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி விடுவார்கள். ஒருவர் வெளியே நின்று கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்த, மற்றவர் உள்ளே நின்று கயிற்றை இழுப்பார். கயிறு வரவர றப்பர் சட்டத்தின் மேல் ஏறி உட்காரும். வெளியே அழுத்த ஆள் இல்லாவிட்டால் கண்ணாடி விழுந்துவிடும். வெளியே நஸ்ரி, உள்ளே முனீப். பசை நாற்றத்துக்கு முனீப் வாயில் துணி கட்டியிருந்தான். அதனால் தட்டுத்தான் பாஷை. ஒரு தட்டு என்றால் இழுக்கிறேன். விடாமல் தட்டினால், என்னை வெளியே எடு.

கடைசி யன்னல் அது. மற்றதெல்லாம் மூடியாயிற்று. விடிந்து வந்து செய்தால் என்ன, குடியா முழுகிப்போகும்? நஸ்ரிக்குப் பிடிவாதம். மழை தூறத் தொடங்கியிருந்தது.

அவன் குனிந்து கயிறு சுற்றும்போது உள்ளே ஆள் ஏறிய சத்தம் கேட்டது. காற்றுக்கு லோஞ்சின் கதவு படார் படார் என்று அடித்தது. வெளிக்கொக்கியைப் போட்டான். பீப்பாய் மேல் ஏறி இரண்டு கையாலும் கண்ணாடியை அழுத்தினான். கண்ணாடி முழுக்க, றப்பர் வழுக்கி ஏறுவதற்குப் பூசிய சவர்க்கார நுரை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

தட். கயிறு நகர்ந்தது. சரக்... சரக்...

கீழ்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் பாதையிலிருந்து...

"மச்சான்..."

திரும்பினான். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் முனீப். அவன் போட்டு வந்த அதே நீலச் சேட்.

"மச்சான், நான் இஞ்ச நிக்கிறன். உள்ளுக்க ஆரு இழுக்கிற?"

கயிறு நிற்கவில்லை. சரக்... சரக்...

"முனீப்!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினான். தட். தட். தட். தட்...

அவன் ஏறியதைப் பார்த்தோமா? சத்தம் மட்டும்தானே கேட்டது? நஸ்ரி கையை விட்டான். குதித்தான். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். பின்னால் பாரம் ஏறியது. இரண்டு கை இடுப்பைப் பிடித்தது.

"பின்னால பாக்காதீங்க மச்சான். ஓடுங்க."

ஓடினான். கண்டல் சேற்று நாற்றம் கூடவே வந்தது. சந்தி வெளிச்சத்தைக் கண்ட பிறகுதான் நிறுத்தினான். போன் அடித்தது. றுஷ்தா.

"முனீப் போன் எடுக்கிறான் இல்ல. அவன்ட மூச்சு மருந்து இஞ்ச மேசையில கிடக்கு. ஆளுக்குச் சுகமா?"

"ஓம், பின்னாலதான் இருக்கான். இந்தா, குடுக்கிறன்."

போனைப் பின்னால் நீட்டினான். யாரும் வாங்கவில்லை.

இருக்கை நனைந்திருந்தது. ஆள் இல்லை.

விடாமல் தட்டிய அந்தத் தட்டு அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. வந்த வேகத்திலேயே திரும்பினான். வழி முழுக்க அழுதானாம். பேய்க்குப் பயந்து இல்லை. றுஷ்தாவின் முகத்தை நினைத்து.

லோஞ்ச் இருட்டில் நின்றது. கொக்கி போட்டபடியே. திறந்து டோர்ச் அடித்தான். முனீப் தரையில் கிடந்தான். உதடு கறுத்து... நெஞ்சு இழுத்து இழுத்து... உயிர் இருந்தது. தூக்கி வந்து வெளியே கிடத்தினான். காற்றுப் பட்டதும் இருமினான். அல்ஹம்துலில்லாஹ்.

பிறகுதான் நஸ்ரி நிமிர்ந்து யன்னலைப் பார்த்தான். பாதியில் விட்ட கண்ணாடி விழுந்து தூளாகியிருக்க வேண்டும். அது சுற்றிவர றப்பர் ஏறி, இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

முனீப் அவனுடைய கையைத் தட்டிவிட்டான்.

"ஏன் மச்சான் திறக்கல்ல? மூச்சு விட ஏலாம எவ்வளவு தட்டினன்... மழையில நுரை வடிஞ்ச பிறகு முகம் வடிவாத் தெரிஞ்சிச்சு. ரெண்டு கையாலயும் கண்ணாடிய அமத்திக்கொண்டு, என்னப் பாத்துச் சிரிச்சிக்கொண்டு நிண்டது நீங்கதான்."