குறையை முதலில் சொல்கிறவன்

திருவொற்றியூரில் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளைக் கவிழ்த்துவைத்து என் எதிரே உட்கார்ந்தார்கள். ரயில் நகர்ந்ததும் மூத்தவள், "எம் புள்ள பொய் சொல்லமாட்டேன்றான். அதான் பேஜாரா கீது" என்றாள்.

"அவனுக்கு இன்னாக்கா வேல?"

"பொருள எப்டி விக்கிறதுன்னு கம்பெனிங்களுக்கு யோசன சொல்றான். கொறய மொதல்ல சொல்லிடணும், அப்பதான் ஜனம் நம்பும்ன்றான்."

"நாம அப்டி மீன் வித்தா, ரொம்புன கூடையோட வூட்டுக்கு வரவேண்டியதுதான்."

"பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் அதே கததான். காப்பி வர்றதுக்குள்ளயே, 'நான் கொறட்ட வுடுவேன்'னுட்டான். பொண்ணோட அப்பா எழுந்துட்டாரு."

"போச்சா?"

"எங்க போச்சு? 'எனக்கும் கொறட்ட வரும்'னு பொண்ணு கதவாண்ட நின்னுகினு சொல்லிச்சு. தை மாசம் கல்யாணம்."

"ஒத்த ரூமு வூட்ல ரெண்டு கொறட்டயா? நீ எப்டிக்கா தூங்குவ? ஊருக்கே யோசன சொல்றான், அவனையே கேளேன்."

"கேட்டேன். காதுல வெச்சுக்கன்னு பஞ்சு வாங்கியாந்தான்."

ராயபுரம் வந்தது. மூத்தவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"சத்தம் முழுசா நிக்காதுன்னு மொதல்லயே சொல்லிட்டுதான் குடுத்தான்."