ஸ்டெல்லாவுக்குப் போர்த்திய கம்பளி

குளிர் குதிரையை ஒன்றும் செய்யாது மிஸ். நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதைத் தவறாகத்தான் நினைக்கிறார்கள். டிசம்பரில் வாவிக்கரையில் நனைந்துகொண்டு நிற்கிற குதிரைகளைப் பார்த்து, ஜாக்கெட் பைக்குள் கையை விட்டபடி, பாவம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போதே குதிரைக்கு ரோமம் அடர்த்தியாகிவிடும். குளிர்ந்தால் ஒவ்வொரு மயிரும் நிமிர்ந்து நிற்கும். இடையில் சூடு தங்கும். தோலில் ஓர் எண்ணெய்ப் பசை இருப்பதால் மேலே விழும் தண்ணீர் வழிந்து போய்விடும். வயிறு நிறையக் காய்ந்த புல் இருந்தால் உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி. இவ்வளவுதான். ஈரமான எதையும் அதன் முதுகில் போடக் கூடாது. போட்டால் மயிர் படுத்துவிடும், ஈரம் தோலுக்கு இறங்கும், காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

என் மாமா றோலண்டிடம் நான்கு குதிரைகள் இருந்தன. தகரக் கொட்டிலில் இரண்டுதான் நிற்கலாம். சுற்றுலாக்காரர் குறைந்ததும் மற்ற இரண்டையும் மரக்கறித் தோட்டங்களுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் இருக்கும் புல்மேட்டில் விட்டுவிடுவார். இங்கே குதிரை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். தூரம் போகாமல் இருக்க முன்கால் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டுவோம். ஏப்ரல் சீசனுக்கு எது நிற்கிறதோ அதைக் கூட்டி வருவோம்.

போன வருடம் ஒன்று நிற்கவில்லை. சேற்றில் சறுக்கிக் கால் முறிந்து கிடந்தது. மாமா அலவாங்கை, குழி தோண்டுகிற அந்த இரும்புக் கடப்பாரையை, எடுத்து வந்தார். நான்தான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டேன். நாலாவது அடிக்குத்தான் அடங்கியது. மாமா வியர்வையைத் துடைத்துவிட்டு, “அடுத்தது ஒன்னோட கெழவிதான்” என்றார். என்னுடைய கிழவி என்றது ஸ்டெல்லாவை. பழுப்புப் பெண்குதிரை, இடது முழங்கால் வீங்கியது. அதை ஏப்ரல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, டிக்கோயாவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மாமா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. நான் அதிகம் பேச மாட்டேன். நாக்கைச் சொடுக்கினால் ஸ்டெல்லா வரும்.

பிறகு வினோதா வந்தாள். மாமாவின் மகன் றொக்சன் மச்சான் மஸ்கெலியாவில் அவளைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார். கல்யாணத்துக்கு முன் அவள் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். மச்சான் எனக்கு முறை என்பதால் இது அவருக்காக நடந்தது என்று ஊரில் சொல்வார்கள். உங்கள் கேள்வியிலும் அதுதான் இருந்தது. அது இல்லை. மச்சானை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

வினோதா நல்லவள். எல்லோரிடமும் பேசுவாள், குதிரைகளிடமும். கரட் பாத்திகளில் கழித்துப் போட்டதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு புல்மேட்டுக்கு ஏறி வருவாள். முதல் மழை பிடித்த அன்று என்னிடம் கேட்டாள்.

“ஏன் அனோ, ஒனக்குப் பாவமா இல்லையா? வாயில்லாத சீவன் இப்புடி நனையுது.”

“அதுக்கு மயிரு இருக்கு” என்றேன்.

“எனக்குந்தான் இருக்கு. அதுக்காக என்னையும் வெளிய கட்டிப் போடுவியா?”

கூட ஏறி வந்திருந்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் சூடானது.

மறுநாள் ஸ்டெல்லாவின் முதுகில் ஒரு கம்பளி கிடந்தது. கொழுந்து மலையில் மழைக்குப் பெண்கள் தலையிலிருந்து போட்டுக்கொள்வார்களே, அந்தக் கம்பளி. வினோதாவின் அம்மா போட்டு வேலை செய்தது. மழையில் நாள் முழுக்க அம்மாவைக் காத்தது குதிரையையும் காக்கும் என்று நினைத்துவிட்டாள். கொழுந்து எடுக்கிறவள் மலை ஏறுகிறாள், கூடை சுமக்கிறாள், உடம்பு கொதிக்கிறது. கால் கட்டிய குதிரை நின்ற இடத்தில் நிற்கிறது. இந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை. நான் கம்பளியை எடுத்துக் காயப்போட்டேன். மாலையில் பார்த்தால் மறுபடியும் ஸ்டெல்லாமேல் இருந்தது.

மாமாவிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “புது மருமக குதிரைக்குக் கம்பளி போத்துறா. நாளைக்கு சூப்பு வச்சு ஊட்டுவா போல. போ புள்ள, போய் வேலயப் பாரு.”

அந்த வாரம் ஸ்டெல்லாவுக்கு இருமல் பிடித்தது. காதின் அடிப்பக்கம் குளிர்ந்து கிடந்தது. கம்பளிக்குக் கீழே கையை விட்டால் ஊறிய துணியைத் தொட்டது போலிருந்தது. மாமா ஒருநாள் ஏறி வந்து, இருமலைக் கேட்டுவிட்டு இறங்கினார். அலவாங்கு எங்கே இருக்கிறது என்று அவர் மச்சானிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

ஸ்டெல்லா கரட்டுக்காக வினோதாவின் பின்னால் போகத் தொடங்கியிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மச்சானும் மற்ற குதிரைகளோடு வாவிக்கரைக்குப் போயிருந்தார்கள். மத்தியானமே பனிமூட்டம் இறங்கி மழையும் பிடித்ததால் மரக்கறித் தோட்டங்களில் யாரும் இல்லை. நான் மேட்டோரத்து வேலி முளையை இடம் மாற்றி அடித்துக்கொண்டிருந்தபோது வினோதா வந்தாள். கையில் இன்னொரு கம்பளி.

“வேணாம்” என்றேன்.

“சும்மா இரு அனோ. நீ பாக்குற பார்வைய பாத்தா நான் என்னமோ அது கழுத்த நெரிச்ச மாதிரி இருக்கு.”

அவள் திரும்பிக் கம்பளியை விரித்தாள். முளை அடிக்கிற சுத்தியல் என் கையில்தான் இருந்தது. முழங்காலுக்குப் பின்னால் அடித்தேன். விழுந்ததும் முன்பக்கமாக ஒன்று. எலும்பு விட்டது கையிலேயே தெரிந்தது. அவள் கத்தியபோது வாயில் ஒன்று வைத்தேன். பல் போனது அதில்தான். ஸ்டெல்லாவின் கால் கயிற்றை அவிழ்த்து அவளுடைய மணிக்கட்டுகளைக் கட்டினேன். குதிரையைக் கட்டுகிற முடிச்சுதான், இறுக்கமாக இருக்கும், அறுக்காது. இரண்டு கம்பளிகளையும் மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் முக்கி எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்தினேன்.

கொலை செய்ய நினைத்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன். அவளுக்கு விளங்கவேண்டும் என்று நினைத்தேன்.

டர்பன்டைன் மரத்தடியில் உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மயிர் எப்படி நிமிர்கிறது, ஈரம் எப்படி இறங்குகிறது. அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. நடுங்குவது நல்லது, உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம், நடுக்கம் நின்றால்தான் பயப்பட வேண்டும் என்றும் சொன்னேன். அவள் இரத்தத்தைத் துப்பிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கழட்டி விடு அனோ. இனிமே போத்த மாட்டேன். சத்தியமா போத்த மாட்டேன்.”

அவளுக்கு விளங்கிவிட்டது என்று அப்போதே தெரிந்தது. ஆனால் வாயால் சொல்வது வேறு, உடம்பில் ஏறுவது வேறு. எழுந்து போய் அவளுடைய காதின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. இருட்டுவதற்குள் அவிழ்த்துவிடுவதாகத்தான் இருந்தேன். நடுக்கம் நின்ற பிறகும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஸ்டெல்லா இறங்கி வந்தது. கால்கட்டு இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போனது. வினோதாவுக்குப் பக்கத்தில் போய், காற்று வரும் பக்கமாக உடம்பைக் குறுக்கே வைத்து நின்றது. மழை அதன் மேல் விழுந்தது, அவள் மேல் விழவில்லை. மூக்கைக் கம்பளிக்குள் விட்டு அவளுடைய கழுத்தில் ஊதியது. வினோதாவின் கண் திறந்தது.

“வந்துட்டியாடி” என்றாள். பல் இல்லாத வாயால், மெதுவாக.

தலையில் உள்ள காயங்கள் எப்படி வந்தன என்று கேட்டீர்கள் மிஸ். அப்போது வந்தவைதான். குளிரால் போனாள் என்று மச்சான் நினைத்துக்கொண்டிருக்கிறார், அது சரியில்லை. அடித்துத்தான் கொன்றேன். முதல் அடிக்கு ஸ்டெல்லா மிரண்டு விலகியது. அதன்மேல் பட்டுவிடக் கூடாது என்று அது நன்றாக விலகும்வரை நின்றேன். பிறகு, சுத்தியல் வழுக்குகிற வரைக்கும் அடித்தேன்.

முடிந்ததும் கையைக் கானில் கழுவிக்கொண்டு நாக்கைச் சொடுக்கினேன். ஸ்டெல்லா மேட்டின் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை சொடுக்கினேன். வரவில்லை. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.