கயிறு என் கையில்தான் இருந்தது

எனக்கு வயது பதினாறு. படகுத் துறையின் பின்சந்தில், பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில், அம்மா, அண்ணன், அம்மாவின் தம்பியான மாமா ஆகியோருடன் குடியிருக்கிறேன். துறையில் சின்னவள் என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். ஏழாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதன் பிறகு மாமாவோடும் அண்ணனோடும் வேலைக்குப் போகிறேன். பாலத்துக்கு அடியில் போக வேண்டிய சிறிய பாய்ப்படகுகளின் பாய்மரத்தைச் சாய்த்து இறக்கிக் கொடுப்பது எங்கள் தொழில்.

பாய்மரத்தின் அடியில் கீல் இருக்கும். மரம் பின்னால் சாயாதபடி, படகின் முனையிலிருந்து உச்சிவரை ஒரு கம்பி இழுத்துப் பிடித்திருக்கும். இறக்கும்போது அந்தக் கம்பியின் ஆணியை அண்ணன் உருவுவான். அதற்கு முன்பே, உச்சியில் கட்டிய கயிற்றை முனையில் உள்ள கப்பி வழியாகக் கொண்டுவந்து, பாய்மரத்தின் பக்கத்துக் கட்டையில் மூன்று சுற்று சுற்றி நான் பிடித்திருப்பேன். ஆணியை உருவியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விடுவேன். பின்பக்கம் மாமா மரத்தைக் கையில் வாங்கிக் கிடத்துவார்.

கயிறு பிடிப்பவர் "பிடிச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஆணியைத் தொடக் கூடாது என்பது மாமா வைத்த சட்டம். நான் பேச மாட்டேன் என்பதால் அண்ணன் என் கையைப் பார்த்துவிட்டு எனக்காக அதைச் சொல்வான். "இவ வாயில இருந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள கடலே வத்திடும்" என்று மாமா கேலி செய்வார். "அவளுக்கும் சேத்துத்தான் நான் பேசுறேனே மாமா" என்பான் அண்ணன். நான்கு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. இது எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சென்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பல் மருத்துவரின் படகில் வேலை. அவரும் நண்பர்கள் மூவரும் கரையில் நின்று பார்த்தார்கள். தொடங்குமுன் வாக்குவாதம் நடந்தது உண்மை. மாமாவுக்கு ஒரு மாதமாக இடுப்பு வலி. பக்கத்தில் நின்று வாங்க முடியாமல் நேர் கீழே நின்றார். "மரத்துக்குக் கீழ நிக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? ஒருநாள் உங்க தலையிலதான் விழப்போகுது" என்று அண்ணன் சத்தம் போட்டான். அதைத்தான் மருத்துவர் மிரட்டல் என்று இந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதன் பிறகு நான் கயிற்றைச் சுற்றினேன். சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுகின. அப்படியே விட்டால் பாதியில் சிக்கும் என்பதால் மூன்றையும் கழற்றினேன். அந்த நேரத்தில் அண்ணன் திரும்பிப் பார்த்தான். என் இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. கட்டையை என் முழங்கால் மறைத்தது. அவன் "பிடிச்சாச்சு மாமா" என்றான். இன்னும் பிடிக்கவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கரையில் இருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஆணியை உருவினான்.

கயிறு ஓடியது. நான் விடவில்லை. கப்பி வரை என்னை இழுத்துக்கொண்டு போனது. மரம் மாமாவின் பிடரியில் விழுந்தது. அவருடைய ஒரு செருப்பு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அண்ணன் தன் சட்டையைக் கிழித்து என் கையில் சுற்றினான். "நீ ஒண்ணும் சொல்லாத, நான் பாத்துக்கிறேன்" என்றான். சின்னவள் வாயே திறக்கவில்லை, இவனே சொல்லி இவனே உருவினான் என்று மருத்துவர் சொன்னதற்கு, ஆமாம், அவளைக் கேட்கவில்லை என்று அண்ணன் இங்கே ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் கேட்க வேண்டியதே இல்லை. என் கையைப் பார்த்தான். எப்போதும்போலப் பார்த்தான்.

மாமா இன்னும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில் அம்மா, "என் தம்பியச் சாய்ச்சுட்டானே, இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அழுதாள். கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அங்கேயும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் இந்த நிலையத்துக்கு வந்தேன். வாசலில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். திரும்பிப் போய்விட்டேன். இன்று அண்ணனைக் கைது செய்துவிட்டார்கள், நாளை காலை கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்து உள்ளே வந்தேன்.

பெண் காவலர் உடனிருக்க, இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. ஒரே ஓர் இடத்தை மட்டும் திருத்தச் சொன்னேன். "பதற்றத்தில் நேரம் இல்லாததால் சொல்ல முடியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, "நேரம் இருந்தது, சொல்லவில்லை" என்று எழுதச் சொன்னேன். சத்தமாகச் சொல் என்றார்கள். சொன்னேன். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

வலது உள்ளங்கையில் தோல் இல்லாததால் இடது கையால் கையெழுத்திட்டிருக்கிறேன்.