மருதமுத்து வீட்டுக்கு மேலே நின்ற வெளிச்சம்

என் பெயர் மஜீதா பீவி. தகப்பனார் ஷரீஃபுதீன். வயது நாற்பத்திரண்டு. மலாக்கா காஜா பேராங்கில் வாடகை வீட்டில் இருந்து மசாலா அரைத்து விற்கிறேன். ராணுவ விசாரணையில் நான் முன்பு சொன்னது தவறாக எழுதப்பட்டிருப்பதால், 1952ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் தேதியாகிய இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, எழுத்தர் கலியாணசுந்தரம் தமிழிலேயே எழுதிக்கொள்ள இதைச் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மகிரிப் பாங்கு சொல்லும் அந்தி வேளையில் வாசலில் காயவைத்த மல்லியை அள்ளிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மாடிக்கு மேலே, வானத்தில், கவிழ்த்த தாம்பாளம்போல ஒரு வெளிச்சம் நின்றதைக் கண்டேன். சத்தம் எதுவும் இல்லை. அந்த மாடியில் குடியிருக்கும் மின்கம்பி வேலைக்காரர் மருதமுத்து கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவர், அவரும் அண்ணாந்து பார்த்தார். அவருடைய இரண்டு கையிலும் துணிதான் இருந்தது. தெருவில் இன்னும் பலர் பார்த்தார்கள். அதன் பிறகு அது கடலோரத்து உஜோங் பாசிர் பக்கமாகச் சட்டென்று போய் மறைந்தது.

அதன் பிறகு ராணுவத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரும் மொழிபெயர்ப்பாளர் சேதுராமனும் வீடு வீடாக விசாரித்து வந்தார்கள். "மருதமுத்து வீட்டுக்கு மேல ஒரு வெளிச்சம் நின்னுச்சு" என்று சொன்னேன். சேதுராமன் அதை இங்கிலீஷில் சொல்ல, துரை எழுதினார். நான் ரேகை வைத்தேன். மறுநாள் காலை மருதமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு மாடியிலிருந்து விளக்குக் காட்டினார் என்பது குற்றம்.

அதன் பிறகு அவர் மனைவி ருக்மணி கைப்பிள்ளையோடு என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நீங்கதான் வெளக்குன்னு சொன்னீங்களாமே. மாத்தா-மாத்தா போலீசுக்காரங்க சொல்றாங்க" என்றாள். அவள் அழவில்லை. பிள்ளைதான் அழுதது. உடனே நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்த தெருக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். எல்லோரும் கதவைத் திறக்காமலே, தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள்.

அதனால் இன்று ருக்மணியை மட்டும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். துரையும் சேதுராமனும் இருந்தார்கள். ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று சேதுராமனைக் கேட்டதற்கு, "விளக்கும் வெளிச்சமும் ஒண்ணுதானேம்மா" என்றார். "வெளக்குன்னா புடிச்சிருக்க ஆள் வேணும், தம்பி. வெளிச்சத்துக்கு வேணாம்" என்றேன். அவர் முகம் மாறியது. அதைத் துரையிடம் சொன்னார். முன்பு சொன்னது பொய்யென்றால் என்னையும் உள்ளே போட முடியும் என்று துரை சொன்னதாகச் சேதுராமன் சொன்னார். போடச் சொன்னேன்.

துரை வெளியே போய்த் திரும்பி வந்து, வானிலை பார்ப்பவர்கள் விட்ட பலூனைக் கண்டேன் என்று ரேகை வைத்தால் மருதமுத்துவை விட்டுவிடுவதாகச் சொன்னார். நான் கண்டது பலூன் இல்லை. முதலில் அவரைக் காட்டுங்கள் என்றேன். கூட்டி வந்தார்கள். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். வலது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். "பலூன்னே சொல்லிடுங்கக்கா" என்றார். ருக்மணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் சொன்னது இது: "வானத்தில வெளிச்சத்தப் பார்த்தேன். மருதமுத்து கையில வெளக்கு இல்ல. அத பலூன்னு தொர சொல்றாரு. சொல்லட்டும், நான் மறுத்துப் பேசல."

துரை அதை இரண்டு தடவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தலையசைத்தார். இதைப் பற்றி வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்றார். மருதமுத்துவை ருக்மணியோடு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது அத்தனையும் உண்மை. பலூன் என்பது துரையின் சொல். அதற்கு என் ரேகை சேராது.

மஜீதா பீவி, இடது கைப் பெருவிரல் ரேகை.
என் முன்னிலையில்: கலியாணசுந்தரம், எழுத்தர்.