கசப்பு கூட்டிக் கேட்டவள்

நிலவேம்புக் கஷாயத்தை முகம் சுளிக்காமல் ஒரே மடக்கில் குடிக்கிற ஆள் நான். பொய். போன தடவை வாங்கியதில் பாதியை வாழையடியில் கொட்டிவிட்டு, வாழை பட்டுப்போகுமோ என்று பயந்துகொண்டு கிடந்தேன்.

குலசேகரத்து வைத்தியசாலையில், வயிற்றுவலிக்கு மருந்து வாங்க வந்து, வைத்தியர் கூப்பிடுவதற்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கஷாயம் வாங்க பாட்டிலோடு நின்ற ஒருத்தி, பக்கத்தில் நின்ற மூத்தவளிடம் சொன்னாள்:

“இன்னைக்கு எங்க வீட்டுக்காரரு என்னத் திட்டவே இல்லக்கா.”

“நல்ல காரியம்தானேட்டி. அதுக்கு எதுக்கு அழுக?”

“மஞ்சக்காமால வந்ததுலேருந்து நாந்தான் கஷாயம் குடுக்கேன். ‘கொல்லப் பாக்கியாட்டி’ன்னு கத்தி, பாதியத் துப்புவாரு.”

“அந்தச் சத்தம் எங்க வீட்டுக்கும் கேக்குமே.”

“இன்னைக்குப் பச்சத்தண்ணி மாதிரி குடிச்சாரு. கசக்கலியான்னு கேட்டேன். ‘கசக்குமா?’ன்னு என்கிட்ட கேக்காரு.”

“ஆசுபத்திரில என்ன சொன்னாவ?”

“வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாவ.”

“பின்ன எதுக்குட்டி மக்கா இன்னும் இத வாங்குக?”

“கசப்பக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லணும்க்கா. ஒரு தடவ திட்டிட்டாருன்னா போதும்.”

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து வைத்தியர் சத்தம் போட்டார்:

“ஓய், வயித்துவலிக்காரரே, உள்ள வாரும்! கஷாயத்த முழுசும் குடிச்சீரா?”